எத்தனை இன்ச் டெலிவரி?

திண்டுக்கல் சமவெளியில் ஜெட் ஸ்கீ ஓட்ட இடமில்லை. குடகனாற்றில் ஓட்டலாம் என்றால், ஆண்டில் பல மாதம் முதலில் ஆற்றுக்குள் தண்ணீரை ஓட்டியாக வேண்டும். ஆத்தூர் காமராசர் அணையில் தண்ணீர் நிற்கும். ஆனால் அது திண்டுக்கல்காரர்கள் குடிக்கிற தண்ணீர், அதில் பெட்ரோல் வண்டியை இறக்கினால் ஊர் சும்மா விடாது. இத்தனைக்கும் ஜெட் ஸ்கீயில் பழுது வந்தால் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே தோட்டத்துக்கு ஒருவர் இருக்கிறார்கள். அந்தச் செய்தி அவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

வெளியே ஸ்கூட்டர், உள்ளே பம்ப்செட்: ஜெட் ஸ்கீ அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் பந்தயக்காரரான கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கரின் யோசனை அது. 1968-இல் கனடாவின் பம்பார்டியர் நிறுவனம் ‘சீ-டூ’ என்று ஒன்றை இறக்கியது. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானின் கவாசாகி ‘ஜெட் ஸ்கீ’யைக் கொண்டுவந்தது, அந்த வணிகப் பெயரே எல்லா வண்டிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. சாதாரண மோட்டார் படகுபோல இதற்கு வெளியே விசிறி தொங்காது. வயிற்றுக்கு அடியில் ஒரு சல்லடை. அதன் வழியே தண்ணீரை உறிஞ்சி, இம்பெல்லர் பின்பக்கமாகப் பீய்ச்சும். வண்டி முன்னால் பாயும். டெலிவரி பைப்பை வாய்க்காலில் விடாமல் முதுகுப்பக்கம் திருப்பிவிட்டு, மோட்டார்மேல் சீட்டுப் போட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

வேடசந்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரை முட்டுக்காடு படகுத்துறையில் கொண்டுபோய் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். எதிரே ஒரு ஜெட் ஸ்கீ. ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. கையேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாகக் காரணம் வரும். தோட்டக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலே போதும்.

“சக்ஷன்ல காத்து வாங்குது தம்பி. அடியில என்னமோ அடைச்சிருக்கு. எஞ்சினை அமத்திட்டுக் கையை விடு.”

சரியான வைத்தியம். சல்லடையில் பாசியோ பிளாஸ்டிக் பையோ கயிறோ சிக்கினால் இம்பெல்லருக்குப் போதுமான தண்ணீர் வராது, வெறுமனே சுற்றும். அடைப்பு இல்லையா? அப்போது இம்பெல்லரைச் சுற்றியுள்ள வளையத்தைப் பார்க்க வேண்டும். மணலும் கூழாங்கல்லும் அதைத் தின்று இடைவெளி விழுந்திருந்தால், தள்ளிய தண்ணீரே பின்னுக்கு நழுவிவிடும். கிணற்று மோட்டார் கத்தியும் டெலிவரியில் நூல்போல ஒழுகுகிற கதைதான் இது. கசிவுக்கு அவரிடம் கைகண்ட மருந்து ஒன்று உண்டு: சாணியைக் கரைத்து ஊற்றுவது. புட்வால்வுச் சந்தைப் பல கிணறுகளில் அதுதான் அடைத்திருக்கிறது. முட்டுக்காட்டில் அனுமதிப்பார்களா என்பது வேறு விஷயம்.

வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “கரண்ட் இருக்கா?” தமிழ்நாட்டில் 1990-இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததிலிருந்து, ஸ்டார்ட்டரைக் கழற்றுமுன் மூன்று பேஸும் வந்திருக்கிறதா என்று பார்ப்பவனே கெட்டிக்காரன். ஜெட் ஸ்கீயில் அந்த இடத்தில் ஒரு சின்ன கிளிப் இருக்கிறது. கயிற்றின் ஒரு முனை ஓட்டுகிறவர் உடம்பில், மறுமுனை சுவிட்சில். ஆள் விழுந்தால் கிளிப் கழன்று எஞ்சின் அணையும். அதை மாட்டாமலே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஊதிக்கொண்டிருப்பவர்கள் உலகமெங்கும் உண்டு.

தோட்டக்காரர் தோற்கும் இடம் ஒன்றே ஒன்று. உப்புத் தண்ணீரில் ஓடிய வண்டியைக் கரையேற்றி, ஹோஸ் மாட்டி, நல்ல தண்ணீரால் உள்ளே கழுவ வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அதற்கு ஒரு முறை: முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். அவருக்கு இது அடுக்காது. “தண்ணி இல்லாம ஓட்டுனா கிளாண்டு கருகிப்போகும்ல?” பம்ப்பில் தண்ணீர் நிரப்பாமல் ஆயில் எஞ்சினின் ஹேண்டிலைத் தொட்ட கையா அது! ஆனால் இங்கே எஞ்சின் ஓடாதபோது தண்ணீரைத் திறந்தால், தள்ளிவிடப் புகை இல்லாததால் அது சைலன்சர் வழியே பின்வாங்கி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். கவிழ்ந்த வண்டியை, அதன்மேல் ஒட்டியிருக்கும் படத்தில் காட்டிய பக்கமாகத்தான் புரட்ட வேண்டும் என்பதும் இதே பயத்தால்தான். ராடு என்று சொன்னதும் அவர் வாதத்தை நிறுத்திவிடுவார். அதன் செலவு தெரிந்தவர்.

பழுதெல்லாம் தீர்ந்த பிறகுதான் அவருடைய உண்மையான ஆராய்ச்சி ஆரம்பமாகும். வண்டியைச் சுற்றி வந்து பின்பக்கக் குழாயில் விரலை வைத்து அளந்து பார்ப்பார்.

“எத்தனை இன்ச் டெலிவரி?”

கிணற்றுப் படியில் இறக்கிக் கட்டினால் எத்தனை ஏக்கர் பாயும் என்பது அடுத்தது. எண்ணெய் எவ்வளவு குடிக்கும் என்பது அதற்கும் அடுத்தது. ஐந்து குதிரைத்திறன் டீசல் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரில் ஓடிவிடும். நூற்றைம்பது குதிரைத்திறன் ஜெட் ஸ்கீயை முழு வேகத்தில் விட்டால் மணிக்கு நாற்பது லிட்டருக்குமேல் பெட்ரோல் போகும். கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, படகுக்காரத் தம்பியைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

“அந்தக் காசுக்கு டேங்கர் லாரித் தண்ணியே வாங்கித் தோட்டத்துக்கு விட்டுடலாமேப்பா!”