அரை மணி நேரம் போதும்

அமெரிக்காவில் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் தாய்மார்களே, கொஞ்சம் அடங்குங்கள். நுகர்வோர் கணிதமாம்! பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு அதையும் ஒரு கிரெடிட்டாகச் சேர்க்க வேண்டுமாம்! சம்பளத்தில் வரி எவ்வளவு போகிறது, காருக்கு வாங்கிய கடனுக்கு மொத்தமாக எவ்வளவு அழுவோம், கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் பாக்கி எந்தக் காலத்தில் தீரும்... இதெல்லாம் ஒரு கணக்கா? மரமண்டைகளுக்கு ஒதுக்கிய கணக்கு. எக்ஸ் எங்கே என்று தேடத் தெரிந்தவன் படிப்பாளி. தன் காசு எங்கே போனது என்று தேடுகிறவன் மக்கு.

சட்டம் உங்கள் பக்கம்தான், தெரியும். உதாரணத்துக்கு, டெக்சாஸில் வீட்டுப் பள்ளியும் ஒரு தனியார் பள்ளிதான். எந்தப் பாடம் சேரும், எத்தனை கிரெடிட் வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீங்களே முடிவுசெய்து, மதிப்பெண் பட்டியலை நீங்களே தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கையெழுத்து வீட்டு வாசலோடு சரி. கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ, அல்ஜிப்ரா 1-க்குக் கீழே எதையும் கணக்கு என்று ஒப்புக்கொள்ளாது. பந்து எறிய வருகிறவனுக்கே இந்த நிபந்தனை!

ஒரு கிரெடிட் என்றால் ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம் என்கிற புனித அளவு எங்கிருந்து வந்தது? 1905-இல் ஆண்ட்ரூ கார்னெகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். பணம் வேண்டுமானால் மாணவர் சேர்க்கைக்கு நாங்கள் சொல்லும் அளவை வையுங்கள் என்றது அவருடைய அறக்கட்டளை. கல்லூரிகள் வைத்தன. பையனுக்கு என்ன தெரிந்தது என்பதற்கு அதில் இடமில்லை. எத்தனை மணி நேரம் பெஞ்சைத் தேய்த்தான் என்பதுதான் அளவு. ஆக, வாத்தியார்களின் பென்ஷனுக்காகப் பிறந்தது கிரெடிட். பென்ஷன் கணக்கு எந்தப் பாடத்தில் வரும் என்று கேட்டுவிடாதீர்கள், அந்த மட்டமான நுகர்வோர் கணிதப் புத்தகத்தில்தான் வரும்.

அந்தப் புத்தகத்தைப் படிக்காதவன் எங்கே போவான்? தெருமுனையில் சம்பள நாள் கடன் கடை இருக்கிறது. 100 டாலருக்கு இரண்டு வாரத்துக்கு 15 டாலர்தான் கட்டணம். பதினைந்து என்றதும் பையன் சிரிக்கிறான். 300 டாலர் வாங்குகிறான். அசலைத் தொட முடியாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 45 டாலர் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால், வருடத்தில் 1,170 டாலர் கட்டியிருப்பான். 300 அப்படியே நிற்கும். ஆண்டு வட்டி 390 சதவீதம். மீட்டர் வட்டிக்காரனே வெட்கப்படும் இந்தத் தொழில் பல மாநிலங்களில் லைசென்ஸோடு நடக்கிறது. பெருக்கத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டால் இந்தக் கடைகளை யார் காப்பாற்றுவது?

உயர்கணிதம் படித்தவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள் என்று கேட்காதீர்கள். மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்ட்டனும் 1997-இல் பொருளாதார நோபல் வாங்கினார்கள். அவர்கள் பங்காளிகளாக இருந்த முதலீட்டு நிறுவனம் மறுவருடமே கவிழ்ந்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிகளைக் கூட்டி உட்கார வைக்க, அவை சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்தின. சம்பள நாள் கடனில் மூழ்கியவனுக்காக எந்த மத்திய வங்கியும் கூட்டம் போட்டதில்லை. அவன் படிக்காமல் விட்ட கணக்கு அவ்வளவு மட்டம்.

இனி அதே பிள்ளை 18 வயதில் கல்லூரிக் கடனுக்கு மத்திய அரசிடம் போகட்டும். மாநிலச் சட்டப்படி வீட்டில் படித்து முடித்திருந்தால் போதும், கடன் உண்டு. என்ன கணக்கு படித்தாய் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. திவாலானாலும் லேசில் தள்ளுபடியாகாத கடன் அது. நாடு முழுக்க 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. முதல்முறை வாங்குகிறவர்களுக்கு இணையத்தில் ஓர் ஆலோசனை வகுப்பு வைத்திருக்கிறார்கள். வட்டி, தவணை, தவறினால் வரும் வினை, எல்லாம் அரை மணி நேரத்துக்குள். இதையே அம்மா 120 மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் கல்லூரி மூக்கைப் பிடிக்கும். பிள்ளை அரை மணியில் கிளிக் கிளிக்கென்று தாண்டிக் கையெழுத்துப் போட்டால் பணம் நேரே கல்லூரிக்குப் போய்விடும்.