எம்மாவை விடாமல் வெறுப்பது எப்படி?

ஜேன் ஆஸ்டின் ‘எம்மா’வை எழுதத் தொடங்கும்போதே, இந்தக் கதாநாயகியைத் தன்னைத் தவிர யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது என்றாராம். அவருடைய அண்ணன் மகன் எழுதிவைத்திருக்கிறார். நாவல் 1815 டிசம்பரில் வந்தது. ஆசிரியரே கொடுத்த அனுமதி இன்றும் செல்லும். ஆனால் வெறுப்பும் ஊறுகாய் மாதிரிதான். போடுவது சுலபம், கெடாமல் வைத்திருப்பதுதான் பாடு. கடைசிப் பக்கம் வரை தாக்குப்பிடிக்கச் சில யோசனைகள்:

1. தொடக்க அத்தியாயங்களை ஊன்றிப் படியுங்கள். சரக்கு அங்கேதான் இருக்கிறது. அழகு, பணம், புத்தி, கண்டிக்க ஆளில்லாத வீடு. வயது 21கூட ஆகவில்லை. 17 வயது ஹாரியட் ஸ்மித், பெற்றோர் யாரென்றே தெரியாத பெண். அவளைப் பெண் கேட்டு விவசாயி ராபர்ட் மார்ட்டின் எழுதிய நல்ல கடிதத்துக்கு ‘மாட்டேன்’ என்று பதில் போட வைக்கிறாள் எம்மா. ‘இவளுக்கு யார் கொடுத்த நாட்டாமை?’ என்று உரக்கவே கேளுங்கள்.

2. அவளுடைய அப்பா வரும் பக்கங்களை வேகமாகத் தள்ளுங்கள். மிஸ்டர் வுட்ஹவுஸுக்குக் கல்யாண கேக் என்றாலே கவலை. வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சியைச் சிபாரிசு செய்வார். எம்மா ஒரு முறைகூட அவரிடம் சிடுசிடுப்பதில்லை. அவர் மனமும் நோகாமல், விருந்தாளி வயிறும் காயாமல் பார்த்துக்கொள்கிறாள். லண்டன் 16 மைலில். அப்பாவை விட்டு நகராத அவளோ கடலையே பார்த்ததில்லை. இதையெல்லாம் கவனித்தால் இரக்கம் வந்துவிடும். ஆபத்து.

3. பாக்ஸ் ஹில் உல்லாசப் பயணத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். ஓயாமல் பேசும் ஏழை முதிர்கன்னி மிஸ் பேட்ஸை எல்லார் முன்னாலும் எம்மா குத்திக்காட்டுகிறாள். வெறுப்பு உச்சத்தில் இருக்கும் இடம். தெரியாத்தனமாகப் பக்கத்தைத் திருப்பினால் குடும்ப நண்பர் நைட்லி அவளைக் கண்டிப்பார். வண்டியில் வழியெல்லாம் அழுவாள். மறுநாள் காலையிலேயே அந்தம்மா வீட்டுக்குப் போய் நிற்பாள். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

4. யார் கண்ணால் பார்க்கிறோம் என்று மட்டும் யோசிக்காதீர்கள். கதை படர்க்கையில்தான் நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் எம்மாவின் நினைப்பே கதைசொல்லியின் குரலில் வரும். மிஸ் பேட்ஸின் தங்கை மகள் ஜேன் ஃபேர்ஃபாக்ஸுக்குப் பெயர் தெரியாத யாரோ பியானோ அனுப்பினால், அனுப்பியது ஜேனுடைய தோழியின் கணவர் என்று எம்மா முடிவுகட்டுகிறாள். நீங்களும் தலையாட்டினீர்கள். சற்று முன்புதான் ஊருக்கு வந்திருந்த இளைஞன் ஃபிராங்க் சர்ச்சில் முடி வெட்டிக்கொள்ள லண்டன் வரை போய் வந்தான். அவனும் ஜேனும் ரகசியமாக நிச்சயம் செய்துகொண்டவர்கள். (இருநூறு வருஷத்துக்குப் பிறகு இதைச் சொல்வதில் பாவமில்லை.)

5. இரண்டாம் முறை படிக்கவே கூடாது. ஊர் வைத்தியர் பெர்ரி வண்டி வாங்க நினைத்த சேதி தன் வீட்டாரையும் இன்னொரு குடும்பத்தையும் தவிர யாருக்கும் தெரியாதே என்று மிஸ் பேட்ஸ் சொல்கிறாள். பிறகு ஃபிராங்குக்கு எப்படித் தெரிந்தது? ஜேனின் கடிதத்தில்தான். துப்பெல்லாம் அந்தம்மாவின் வளவளப்பில் கொட்டிக் கிடக்கிறது. எம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சலிப்பில் நீங்களும் பத்தி பத்தியாகத் தாண்டினீர்கள். பாக்ஸ் ஹில்லில் எம்மா வாய்விட்டுச் சொன்னதை நீங்கள் மனசுக்குள் சொன்னீர்கள், அவ்வளவுதான். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனவள் அவள் மட்டும்.

இத்தனைக்கும் பிறகு எம்மாவைப் பிடித்துப்போய்விட்டால் மனம் தளர வேண்டாம். ஆஸ்டின் 1814இல் வெளியிட்ட ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ இருக்கிறது. அதன் நாயகி ஃபேனி பிரைஸ் ஏழை, அடக்கமானவள், யார் கல்யாணத்திலும் மூக்கை நுழைக்காதவள். எம்மாவிடம் நீங்கள் கண்ட ஒரு குறையும் இவளிடம் கிடையாது. இவளை வெறுப்பது இன்னும் சுலபம்.