மூக்குடைபட்ட மூக்கு மருந்து

பத்து நாள் தங்க இடம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, ரயில் சார்ஜ் ஃப்ரீ, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு வேறு. ஒரே ஒரு கண்டிஷன்தான்: உங்கள் மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டு விடுவார்கள். 1946-ல் ஆரம்பித்து நாற்பது வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ‘காமன் கோல்ட் யூனிட்’ என்ற அரசு ஆராய்ச்சி நிலையம் தந்த ஆஃபர் இது. யார் போவார்கள் என்கிறீர்களா? திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு. தேனிலவுக்கே அங்கே வந்த ஜோடிகளும் உண்டு. (அப்படிப்பட்ட மாப்பிள்ளையோடு அந்தப் பெண்கள் எப்படிக் காலம் தள்ளினார்களோ!)

போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன மரக் கொட்டகைகள்தான் ஆய்வுக்கூடம். இரண்டிரண்டு பேராகப் பிரித்துத் தங்க வைப்பார்கள். வெளியாட்களைப் பார்த்தால் முப்பது அடி தள்ளி நிற்க வேண்டும். மூக்கைச் சிந்திய காகிதக் கைக்குட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடக்கூடாது. தினமும் டாக்டர்கள் வந்து எண்ணுவார்கள். பத்து வருஷம் மெடிசின் படித்தது இதற்குத்தானா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த யூனிட்டை ஆரம்பித்தவர் கிறிஸ்டோஃபர் ஆண்ட்ரூஸ். 1933-ல் மனித ஃப்ளூ வைரஸைப் பிடித்துக் காட்டிய மூவரில் ஒருவர், சாமானியர் இல்லை. ஃப்ளூவே மாட்டிக்கொண்டது, அதன் தம்பி ஜலதோஷம் எம்மாத்திரம் என்று நினைத்திருப்பார் போல. வாலண்டியர்களைக் குளிக்க வைத்து, துவட்டவிடாமல், காற்று வீசும் வராந்தாவில் நிற்க வைத்து, ஈர சாக்ஸ் மாட்டிவிட்டார். சளி கூடுதலாகப் பிடிக்கவில்லை. ‘ஈரத்தோட நிக்காதே’ என்ற பாட்டிமார்கள் எல்லாரும் அவுட்! (பாட்டிகளுக்கும் அப்பீல் இருந்தது. 2005-ல் கார்டிஃப் நகரில் இன்னொரு குழு, ஆட்களின் காலை இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீரில் வைத்தது. அடுத்த சில நாளில் அவர்களில்தான் அதிகம் பேர் மூக்கைச் சிந்தினார்கள்.)

ஜலதோஷத்துக்கு மருந்து? அந்த நம்பிக்கை வேறு இடத்திலிருந்து வந்தது. 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் என்ற இருவர் கோழிமுட்டைச் சவ்வையும் ஃப்ளூ வைரஸையும் வைத்து ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். பெயர் இன்டர்ஃபெரான். வைரஸ் நுழைந்த செல், தான் சாகுமுன் ‘திருடன் வந்துட்டான், கதவைத் தாழ் போடுங்க’ என்று அக்கம்பக்கத்துக்குப் போடும் கூச்சல் அது. நம் உடம்பே தயாரிக்கும் மருந்து! பெனிசிலினுக்குத் தம்பி பிறந்துவிட்டான் என்று பத்திரிகைகள் குதித்தன. 1960-ல் ஃப்ளாஷ் கார்டன் காமிக்ஸில் விண்வெளி வீரர்களையே இன்டர்ஃபெரான் காப்பாற்றியது. பூமியில் அதுவரை ஒரு மூக்கைக்கூடக் காப்பாற்றியிருக்கவில்லை.

சோவியத் யூனியன் மட்டும் காத்திருக்கவில்லை. ஃப்ளூ சீசனில் ஆயிரக்கணக்கானோர் மூக்கில் இன்டர்ஃபெரானைச் சொட்டுவிட்டு, பலே வெற்றி என்று அறிவித்துவிட்டது. டோஸ் ரொம்பக் குறைவாயிற்றே என்று மேற்கத்திய விஞ்ஞானிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். டோஸைக் கூட்டிக் காட்டலாமே என்றால், கூட்டுவதற்குக் கையில் சரக்கு இல்லை.

சரக்கு வந்தது ஹெல்சிங்கியிலிருந்து. காரி கான்டெல் என்பவர், தானமாக வந்த ரத்தத்தின் வெள்ளை அணுக்களிலிருந்து இன்டர்ஃபெரானைக் கறந்துகொண்டிருந்தார். போனது ரத்தம், லிட்டர் லிட்டராக. வந்தது மருந்து, துளித்துளியாக. 1973-ல் சாலிஸ்பரியின் டேவிட் டைரலும் சகாக்களும் அதை ஆளுக்கு 1.4 கோடி யூனிட் என்று வாலண்டியர்களின் மூக்கில் அடித்தார்கள். அப்புறம் ஜலதோஷ வைரஸை விட்டார்கள். கிட்டத்தட்ட யாருக்கும் பிடிக்கவில்லை! என்ன, நாலு பேரின் ஜலதோஷத்தைத் தடுப்பதற்குள் நாட்டின் ஸ்டாக்கே காலியாகிவிடும்.

சிக்கல் மூக்கிலேயே இருந்தது. உள்ளே வரும் எதையும் அரை மணிக்குள் பெரும்பாலும் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுவது அதன் சுபாவம். வைரஸ் எது, விலை உயர்ந்த மருந்து எது என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. ஆகவே அடி, மறுபடி அடி, இன்னும் அடி!

1980-ல் இன்டர்ஃபெரான் ‘டைம்’ பத்திரிகையின் அட்டையிலேயே ஏறிவிட்டது, கேன்சர் மருந்தாக. அதே காலத்தில் பாக்டீரியாவை வைத்து அதைத் தயாரிக்கவும் கற்றுக்கொண்டார்கள். இனி வேண்டிய மட்டும் அடிக்கலாம். அடித்தார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியாவிலும், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலும், வீட்டில் ஒருவர் தும்மினால் மற்றவர்கள் ஏழு நாளைக்கு ஸ்ப்ரே அடித்துக்கொள்ள வேண்டும். 1986-ல் ரிசல்ட்: சளித்தொல்லை சுமார் 40 சதவீதம் குறைந்தது. ஜலதோஷ வரலாற்றில் இப்படி ஒரு வெற்றி அதுவரை இல்லை. மாலை போட வேண்டியதுதான் பாக்கி.

மாலையோடு போனால், பத்தில் ஒருவருக்காவது சளியில் ரத்தம். வாரக்கணக்கில் தொடர்ந்து அடித்தவர்களுக்கு மூக்கடைப்பு, எரிச்சல், புண். ஜலதோஷத்தின் தொல்லையில் பாதி, நம் எதிர்ப்புப் படை போடும் ரகளைதான். அந்தப் படையையே பாட்டிலில் அடைத்து மூக்குக்குள் அனுப்பினால் அது வேறென்ன செய்யும்? வராத ஜலதோஷத்துக்காக நிஜமான மூக்கடைப்பு! தும்மலே தேவலை என்று மருந்து கம்பெனிகள் நைசாக நழுவிவிட்டன.

டைரலின் ஆட்கள் 1965-ல் இன்னொரு காரியமும் செய்திருந்தார்கள். ஒரு பள்ளிப் பையனின் சளியிலிருந்து புது வைரஸ் ஒன்றைப் பிடித்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சுற்றிலும் கிரீடம் மாதிரி முட்கள். கொரோனா என்று பெயர் வைத்து, வெறும் சளி கேஸ் என்று உலகம் அதை ஓரங்கட்டியது. 2020-ல் அதன் சொந்தக்காரர் ஒருவர் வந்து உலகத்தை வீட்டுக்குள் அடைத்தது உங்களுக்கே தெரியும்.

உடனே பழைய இன்டர்ஃபெரானைத் தூசி தட்டினார்கள். சாலிஸ்பரிக்குப் பக்கத்திலேயே, சவுத்தாம்ப்டனில். சைனர்ஜன் என்ற சின்னக் கம்பெனி, மூக்கோடு வம்பு வேண்டாமென்று நெபுலைசர் வழியாக நேரே நுரையீரலுக்கு அனுப்பியது. 2020 ஜூலையில் 101 நோயாளிகளின் ரிசல்ட்: நோய் முற்றும் வாய்ப்பு 79 சதவீதம் குறைவு! ஷேர் விலை ஒரே நாளில் நாலு மடங்குக்கு மேல் எகிறியது. 101 பேரை வைத்து ஒரு ஆபீஸ் டூருக்குக்கூட மெஜாரிட்டி முடிவு எடுக்க முடியாது. ஆனால் அந்த வருஷம் யார் நிதானத்தில் இருந்தார்கள்?

2022 பிப்ரவரியில் 623 நோயாளிகளின் ரிசல்ட் வந்தது. மருந்து வாங்கியவர்களும் வெறும் ஆவி பிடித்தவர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வீடு திரும்பியிருந்தார்கள். ஷேர் தலைகுப்புற விழுந்தது.

ரஷ்ய மருந்துக்கடைகளில் அப்போதும் இன்டர்ஃபெரான் மூக்குச் சொட்டு மருந்து, பிரிஸ்கிரிப்ஷன்கூட இல்லாமல், ஜோராக விற்றுக்கொண்டிருந்தது. லண்டன் ஷேர் மார்க்கெட் நிலவரத்தை அங்கே யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.