களர் நூல்: ஏழு நூற்பாவும் உரையும்

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். இதன் எல்லை, காவிரிக்குத் தெற்கே திருச்சியை ஒட்டிய மணிகண்டம் வட்டாரமும் அதுபோல் மண் கெட்ட பிற ஊர்களும். நுதலிய பொருள், சோடியம் மண்ணுக்குச் செய்யும் கேடும் அதை நீக்கும் முறையும். கேட்போர், களர்நிலம் உடையவர்கள், அதை வந்த விலைக்குத் தள்ளிவிட நினைப்பவர்கள், அவர்களுக்கு உரம் விற்பவர்கள். பயன், விளைச்சல்.

கல்லாதவருக்கு உவமை தேடிய திருவள்ளுவர் களர்நிலத்தை எடுத்தார். விளையாத நிலம் என்பதற்கு அன்று அதைவிடத் தெளிவான சான்று இல்லை. இன்று களர் என்பது காரணம் தெரிந்த, மருந்து தெரிந்த ஒரு நோய். 1969இல் தொடங்கிய, ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையம் காட்டிய வழியில், பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில் லட்சக்கணக்கான ஹெக்டேர் களர் நெல் வயலாகியிருக்கிறது. அப்படியிருக்க, நம் ஊரில் ஒரு விவசாயி களரைத் தலையெழுத்து என்று விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. இந்நூலுக்கு அதுவே காரணம்.

நூற்பா 1: களி பற்றிய அயனி எதுவோ, மண்ணின் குணம் அது.

உரை: மணலும் வண்டலும் மண்ணுக்குப் பருமன் தருகின்றன, வேதியியல் பெரும்பாலும் களியிலும் மக்கிலும் நடக்கிறது. களித்துகளின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை உண்டு. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம், அம்மோனியம் ஆகிய நேர்மின் அயனிகள் அதில் ஒட்டி நிற்கின்றன. ஒன்று வந்தால் இன்னொன்று இடம் விடும். இங்கிலாந்தின் யார்க் நகரைச் சேர்ந்த எச்.எஸ். தாம்சன், மண்ணின் ஊடாக அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை வடியவிட்டார். அம்மோனியம் மண்ணில் தங்கிவிட்டது. கீழே வடிந்ததில் கால்சியம் சல்ஃபேட், அதாவது ஜிப்சம், இருந்தது. 1850இல் இது அச்சில் வந்தது. அதே ஆண்டில் ஜே. தாமஸ் வே என்ற வேதியியலார் இந்த இடமாற்றத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

கால்சியத்துக்கு இரண்டு மின்சுமை. அது களித்துகள்களை நெருக்கிப் பிடித்துக் குருணையாக்குகிறது. குருணைகளுக்கு நடுவே காற்றும் நீரும் வேரும் போக வழி கிடைக்கிறது. சோடியத்துக்கு ஒரே மின்சுமை. தன்னைச் சுற்றிப் பெரிய நீர்ப்போர்வையோடு நிற்பதால் அது துகள்களை ஒன்றையொன்று நெருங்க விடுவதில்லை. பிரிந்த துகள்கள் கீழே இறங்கி மண்ணின் துளைகளை அடைக்கின்றன. தண்ணீர் கட்டினால் உறிஞ்சாது. காய்ந்தால் ஏர் இறங்காது.

நூற்பா 2: கரைந்து கிடக்கும் உப்பு உவர், களியில் ஒட்டிய சோடியம் களர்.

உரை: அமெரிக்க வேளாண் துறையின் உவர்மண் ஆய்வகம் 1954இல் வெளியிட்ட கையேடு வகுத்த எல்லைகளே இன்றும் பெரும்பாலும் வழக்கில் உள்ளன. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்து, கார அமில நிலை 8.5க்குக் கீழ் இருந்தால் உவர். மின்கடத்துதிறன் 4க்குக் கீழ் இருந்து, கார அமில நிலை 8.5ஐத் தாண்டி, களி பிடித்திருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்துக்கு மேல் போனால் களர். இரண்டும் கலந்தது களர் உவர்.

உவர் நிலத்தில் வெள்ளை பூக்கும். நல்ல நீரும் வடிகாலும் இருந்தால் அந்த உப்பைக் கழுவிவிடலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கடலோர வயல்களில் விட்டுச்சென்ற உப்பு, அடுத்தடுத்த மழைகளில் பெரும்பாலும் வடிந்தது இப்படித்தான். களருக்கு இந்த வைத்தியம் ஆகாது. அங்கே நல்ல நீரை மட்டும் பாய்ச்சினால், களியை ஓரளவு சேர்த்து வைத்திருந்த கரைந்த உப்பும் போய்விடும். சோடியம் அப்படியே ஒட்டியிருக்கும். மண் முன்னைவிட இறுகும். கழுவக் கழுவக் கெடும் மண் இது. களரில் மக்கு கரைந்து மேலே கறுப்புப் படலமாகப் படிவதும் உண்டு. ஒரு காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுக்கத் தேடி எடுத்த மண் இந்த இனத்தைச் சேர்ந்தது. துணியிலிருந்து அழுக்கைப் பிரிக்கும் சோடியம் கார்பனேட்தான் வயலில் களியையும் பிரிக்கிறது.

நூற்பா 3: குவளை நீர் கலங்கினால் களர்.

உரை: ஆய்வகத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்கலாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான மழைநீரும் போதும். நிழலில் காய்ந்த மண்கட்டி ஒன்று, சுண்டைக்காய் அளவில், மெதுவாக உள்ளே இறக்குங்கள். குலுக்கக் கூடாது. கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிவாகவே இருந்தால் அது களரின் அடையாளம் அல்ல. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் ஒரு வளையம் கிளம்பி, அடித்தளம் முழுவதும் பரவி, மறுநாளும் தெளியாமல் நின்றால் களி பிரிந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கலங்கல் நீரில் ஒரு சிட்டிகை ஜிப்சத்தைக் கலக்கி வையுங்கள். களி திரண்டு அடியில் படியும். மேலே நீர் தெளியும். நோயும் மருந்தும் ஒரே குவளையில் கண்ணுக்குத் தெரியும். களர் உவரில் மட்டும் உப்பு மிகுதியால் முதலில் கலங்காமல் போகலாம். அதனால் இச்சோதனை ஆய்வக அறிக்கைக்கு மாற்று ஆகாது.

நூற்பா 4: களரில் இட்ட யூரியா காற்றுக்கு, துத்தநாகம் மண்ணுக்கு.

உரை: பயிர் வெளுத்தால் உரக்கடைக்கு ஓடுவது வழக்கம். களரில் அந்தப் பணத்தில் பெரும்பகுதி வீண். யூரியா மண்ணில் அம்மோனியமாக மாறுகிறது. கார அமில நிலை ஏறக்குறைய 9.2ஐ எட்டினால் நீரில் உள்ள அம்மோனியத்தில் பாதி, வாயுவாகப் பறக்கக்கூடிய அம்மோனியா ஆகிவிடுகிறது. துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தாலும் கரையாத வடிவில் முடங்கிக் கிடக்கின்றன. நெல் நட்ட இரண்டு மூன்று வாரத்தில் கீழ் இலைகளில் துருப்பிடித்ததுபோல் புள்ளிகள் தோன்றும். பயிர் வளராமல் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கும். பந்த்நகரில் இதே அறிகுறி கண்ட நெல்லை ஆராய்ந்த ஒய்.எல். நேனே, இது கிருமியால் வந்த நோய் அன்று, துத்தநாகக் குறைபாடு என்று 1966இல் அறிவித்தார். வட இந்தியாவில் அதற்குக் கைரா என்று பெயர்.

ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்ஃபேட் பொதுவான பரிந்துரை. களரில் கூடுதலாகத் தேவைப்படும். அதை மணலோடு கலந்து தூவ வேண்டும், டி.ஏ.பி.யோடு கலக்கக் கூடாது, கலந்தால் இரண்டும் கட்டுண்டுவிடும். நிலக்கடலையில் இளம் இலை நரம்புகளுக்கு நடுவே மஞ்சளித்தால் அது இரும்புக் குறைபாடு. அன்னபேதியை இலைமேல் கரைசலாகத் தெளிப்பதே பலன் தரும், மண்ணில் இட்டால் அதுவும் முடங்கும். இவையெல்லாம் தற்காலிக உதவிகள். நோயின் மூலம் சோடியம்.

நூற்பா 5: ஜிப்சம் நீரோடு, நீர் வடிகாலோடு.

உரை: ஜிப்சத்தின் கால்சியம் களியில் ஏறிக்கொள்கிறது, இறங்கிய சோடியம் சல்ஃபேட்டோடு சேர்ந்து நீரில் கரைகிறது. அந்த நீரை வெளியே அனுப்பினால்தான் வேலை முடியும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் இடுவது சோடியத்தை எழுப்பி மறுபடி அங்கேயே உட்கார வைப்பதாகும்.

அளவுக்குக் கணக்கு உண்டு. 100 கிராம் மண்ணில் ஒரு மில்லி ஈக்விவலன்ட் சோடியத்தை நீக்க, ஏக்கருக்கு 15 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 780 கிலோ தூய ஜிப்சம் வேண்டும். நெல்லுக்கு மேல்மண் திருந்தினாலே போதும் என்பதால், ஆய்வகம் சொல்லும் ஜிப்சம் தேவையில் பாதியை இடுவது வழக்கம். ஒரு லிட்டர் நீரில் கரைவது இரண்டரை கிராம் அளவே. ஆகவே தண்ணீர் தாராளமாக வேண்டும். வயலைச் சமன் செய்து, வரப்பை உயர்த்தி, சீராகத் தூவி, மேலாக உழுது, நீரைத் தேக்கிச் சில நாள் நிறுத்தி வடிக்க வேண்டும். மறுபடி தேக்கி மறுபடி வடிக்க வேண்டும்.

நூற்பா 6: மண்ணுக்குள் உறங்கும் சுண்ணாம்பைத் தக்கைப்பூண்டு எழுப்பும்.

உரை: பல களர்நிலங்களில் சுக்கான் கல் கிடக்கிறது. அது கால்சியம் கார்பனேட். கார மண்ணில் கரையாததால் பயனற்றுக் கிடக்கிறது. தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், அது மக்கும்போது வெளிவரும் கரியமில வாயு நீரில் அமிலமாகி அந்தச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. நெல்வேரின் மூச்சும் இதையே செய்கிறது. களரைத் திருத்த முதற்பயிராக நெல்லை வைப்பதற்கு இது ஒரு காரணம். தேங்கும் நீரை நெல் தாங்கும் என்பது இன்னொன்று. திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி இருப்பதே களர் மண்ணில்தான். அங்கே பிறந்த டி.ஆர்.ஒய். வரிசை நெல் ரகங்கள் இந்த மண்ணுக்கென்றே உருவானவை. தாங்கும் ரகம் இருக்கிறதே என்று ஜிப்சத்தை நிறுத்தக் கூடாது. ரகம் பயிரைக் காப்பாற்றும், மண்ணைத் திருத்தாது.

நூற்பா 7: கிணற்று நீர் ஆராயாதவர் களரைத் தாமே வளர்ப்பார்.

உரை: ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால் அது மண்ணின் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படிய வைக்கும், காலியான இடத்தில் சோடியம் ஏறும். எஞ்சிய சோடியம் கார்பனேட் அளவு லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்ட்டைத் தாண்டிய நீர் பாசனத்துக்கு ஆகாது. அப்படிப்பட்ட நீரை ஜிப்சக் கட்டிகள் போட்ட தொட்டி வழியாக வயலுக்கு விடலாம். மண்ணைத் திருத்திவிட்டு நீரைப் பார்க்காதவர் சில ஆண்டுகளில் மீண்டும் முதல் நூற்பாவுக்கு வந்துவிடுவார்.

புறனடை

எஞ்சியது ஒரு கோரிக்கை. 2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 அளவுகளைத் தருகிறது: கார அமில நிலை, மின்கடத்துதிறன், அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். களியில் ஒட்டிய சோடியத்தின் அளவு அந்தப் பன்னிரண்டில் இல்லை. ஜிப்சம் தேவையைத் தனியாகக் கேட்டுத்தான் சோதிக்க வேண்டும். கேட்கத் தெரியாதவர் கார அமில நிலை 9 என்று அட்டையில் பார்த்துவிட்டு யூரியா மூட்டையோடு வீடு திரும்புகிறார்.

எந்த மாதிரியில் கார அமில நிலை 8.5ஐத் தாண்டுகிறதோ, அதற்கு விவசாயி கேளாமலே ஆய்வகம் ஜிப்சம் தேவையையும் சோதித்து, ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று அட்டையில் அச்சிட்டுத் தர வேண்டும். மண் எடுப்பவரும் தம் பங்கைச் சரியாகச் செய்ய வேண்டும்: வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இடம் ஆகியவற்றை விட்டு, திட்டான இடத்தையும் நல்ல இடத்தையும் கலக்காமல், ஆங்கில வி வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, பல இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோவாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் விவசாயி உரத்துக்குச் செலவிடும் முதல் ரூபாய் சோடியத்தை வெளியேற்றப் போகும். அதற்குப் பிறகு போடும் ஒவ்வொரு மூட்டையும் பயிருக்குப் போய்ச் சேரும்.