கண்ணில் படுவனவும் படாதனவும்: பழைய சாகாவின் தீபாவளிப் பயணம் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப்பொருள், 1985 ஜூலை 9 அன்று அறிமுகமான புரோட்டோன் சாகாவும் அதன் வழித்தோன்றல்களும். அதே ஆண்டு பிரதமர் மகாதீர் பினாங்குப் பாலத்தைச் சாகாவில்தான் கடந்தார். ஆகவே நெடும்பயணம் இந்த இனத்தின் பிறவிக்குணம் என்பர் ஒரு சாரார். பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர்தான், வண்டியும் அன்று புதிது என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

களம்: கிள்ளான். காலம்: தீபாவளிக்கு முந்திய வாரம். செல்லுமிடம்: வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியே சுங்கைப்பட்டாணி.

வண்டி தயாரா என்பதை அறிய நம்மவர் கொள்ளும் அளவைகள் சைவ சித்தாந்தம் கூறும் மூன்றே: காட்சி, கருதல், உரை.

1. காட்சி. வண்டி கழுவப்படும், பாலிஷ் ஏறும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் வாங்கிய மாலை டேஷ்போர்டு முருகனுக்குச் சேரும். டயரும் மினுங்கும். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கம் உண்டு. 2315 என்றிருந்தால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது என்று பொருள். பெண் பார்க்கப் போகுமுன் ஜாதகம் கேட்கும் சமூகம், டயரின் ஜாதகத்தை மட்டும் புரட்டியதில்லை.

2. கருதல். "போன வருசம் போயிட்டு வந்துச்சு, அதனால இந்த வருசமும் போகும்." டைமிங் பெல்ட் இந்த அனுமானத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ரப்பரால் ஆன அது ஓட்டத்தாலும் வயதாலும் நைந்து, பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி அறும். இன்ஜின் அந்த இடத்திலேயே நிற்கும். ரேடியேட்டர் மூடி இன்னும் நுட்பமானது. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 100 பாகை தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் கெட்டால், கடைத்தெருவுக்குப் போய்வரும்போது எதுவும் தெரியாது; தைப்பிங்குக்கு முன்னால் புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் தெரியும்.

3. உரை. இதில் இரு மரபுகள்:

போர்மேன்: "அங்கிள், பெல்ட்டு மாத்தி எத்தன வருசமாச்சு?"

அங்கிள்: "மச்சான் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னாரு தம்பி."

மச்சான் கண்டது வெளி உறையை. ஆயினும் அவர் கூலி கேட்பதில்லை என்பதால் அவர் வாக்கே ஆகமம்.

முடிபு: ஒரு பாகம் கண்ணில் எவ்வளவு படுகிறதோ, அவ்வளவே அதற்குக் கவனிப்பும். இவ்விதியின் உச்சச் சான்று ஸ்பேர் டயர். முறுக்கு டின், ரைஸ் குக்கர், அத்தைக்குத் தெங்கு கெலானா சாலையில் எடுத்த சேலை, இத்தனைக்கும் அடியில் அது காற்றிறங்கிக் கிடக்கிறது.

பரிந்துரை: கோயில் வாசல் பூசையில் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சை வைக்கிறோம். ஐந்தாவது பழம் ஸ்பேர் டயருக்கு என்று குருக்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்பெட்டியைக் காலி செய்தாக வேண்டும், காற்றில்லாததும் வெளிப்பட்டுவிடும்.

பின்பெட்டியில் இருக்கும் டயர் பழத்தை எப்படி நசுக்கும் என்று மறுப்போர் கேட்கலாம். கழற்றி மாட்டித்தான் நசுக்க வேண்டும். ஜாக்கி தூக்குகிறதா என்பதும் அந்தச் சடங்கிலேயே தெரிந்துவிடும்.