வேகத்தால் கெட்ட வம்சம்

1981-ல் ஐபிஎம் தன் பிசியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அன்றைக்கு கேம் எழுதியவர்கள் பலர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். எதிரி எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதற்கு யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிராசஸர் ஓடுகிற ஓட்டம்தான் எதிரியின் ஓட்டம். யுகம் முடியும்வரை மனிதகுலம் 4.77-லேயே குடித்தனம் நடத்தும் என்று அசாத்திய நம்பிக்கை. பிறகு 286 பிராசஸர் வந்தது, 386 வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் நாம் செத்து, கேமும் முடிந்திருந்தது.

இதற்குக் கண்ட வைத்தியம், டர்போ பட்டன். கடன் வாங்கி வேகமான கம்ப்யூட்டர் வாங்கு. அது வேகமாக ஓடித் தொலைக்காமல் இருக்க முகப்பில் ஒரு பட்டன். பக்கத்திலேயே 33, 66 என்று எண்கள் வேறு மின்னும். வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். உண்மையில் அந்த எண் எதையும் அளக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பூட்டிய புண்ணியவான் உள்ளே ஜம்பர்களை எப்படிச் செருகினாரோ, அதுதான் வெளியே தெரிந்தது. 99 என்று செருகியிருந்தால் 99.

வேகத்தால் செத்தவை கேம்கள் மட்டுமல்ல. டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்கள் பல, தொடங்கியதும் கம்ப்யூட்டரின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் கணக்குப் போடும். பென்டியம் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியபோது விடை 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. 'ரன்டைம் எரர் 200' என்று அலறிவிட்டுப் படுத்துக்கொண்டன. 200-க்கு மேல் 200 என்பது தற்செயல்தான். விதி என்று நினைப்பவர்களைத் தடுக்கவில்லை.

இன்னும் ரசமானது சிம்சிட்டி கதை. எழுதிவைத்தவர் மென்பொருள் உலகத்து எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த மெமரியையே அந்த கேம் மறுபடி எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. காலி செய்த வாடகை வீட்டில் போய்ப் படுத்துத் தூங்குவது மாதிரி. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் என்கிற வீட்டுக்காரர் கண்டுகொள்ளவில்லை. விண்டோஸில் அப்படி முடியாது, காலியான இடத்தில் அடுத்த நொடியே வேறொருவர் பாய் விரித்துவிடுவார். தப்பு கேமுடையது, ஆனால் கேம் ஓடாவிட்டால் ஜனங்கள் திட்டப்போவது விண்டோஸ் 95-ஐ. எனவே மைக்ரோசாஃப்ட்காரர்கள் சிம்சிட்டியைப் பிரித்து மேய்ந்து, நோயைக் கண்டுபிடித்து, விண்டோஸுக்குள்ளேயே ஓர் ஏற்பாடு செய்தார்கள்: ஓடுவது சிம்சிட்டியா என்று பார், ஆமென்றால் திருப்பிக் கொடுத்த மெமரியில் கை வைக்காதே. மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை உபசாரம் நடந்திருக்காது.

நம்மூரில் செருப்பை வெளியே விட்டு கம்ப்யூட்டர் லேபுக்குள் நுழைந்த தலைமுறைக்குப் பாடத்திட்டமே இரண்டுதான்: ஜான் ரொமேரோவின் டேஞ்சரஸ் டேவ், ஜோர்டன் மெக்னரின் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. பிரின்ஸில் திருட்டு நகலைத் தடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. கையேட்டைப் பார்த்து, சரியான எழுத்துள்ள குப்பியைக் குடித்தால்தான் மேலே போகலாம். நம்மூருக்கு வந்த ஃப்ளாப்பிகளோடு கையேடு வந்ததற்குச் சரித்திரச் சான்று எதுவும் இல்லை. ஆனாலும் இளவரசிகள் மீட்கப்பட்டார்கள்.

பின்னாளில் 64 பிட் விண்டோஸ் வந்து 16 பிட் புரோகிராம்களை மொத்தமாக வாசலிலேயே நிறுத்திவிட்டது. காப்பாற்றியது 2002-ல் வெளிவந்த டாஸ்பாக்ஸ். இலவசம். பிராசஸர், சவுண்ட் பிளாஸ்டர் என்று பழைய கம்ப்யூட்டர் முழுவதையும் மென்பொருளிலேயே நடித்துக் காட்டும். 4 ஜிகாஹெர்ட்ஸ் லேப்டாப், தான் ஒரு கிழட்டு 386 என்று டேவிடம் பொய் சொல்கிறது. டேவும் நம்பிக் குதிக்கிறான்.

அவன் தலைதெறிக்கக் குதித்தால் கண்ட்ரோலோடு எஃப்11-ஐ அழுத்துங்கள், வேகம் குறையும். ஆமையாக நகர்ந்தால் எஃப்12. சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும்.