நோகாமல் மிச்சம் பிடித்தல்

வீட்டுச் செலவைச் சிறுகச் சிறுக, ஒருவருக்கும் நோகாமல் குறைப்பது என்பது கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் தீர்மானித்து, இன்னொருவர் செய்து முடித்து, மற்றவர்கள் சாப்பாட்டு மேசையில் கண்டுபிடிக்கும் கலை. தீர்மானிப்பவர் பெரும்பாலும் சாய்மனைக் கதிரையில் இருப்பார். செய்து முடிப்பவர் குசினியில் நிற்பார். கண்டுபிடிப்பவர்களின் முறைப்பாடு கதிரைப் பக்கம் போவதில்லை, குசினிக்குத்தான் போகும். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீடுகளிலும் இந்த அதிகாரப் பகிர்வு ஒன்றுதான்.

கலை பழையது. அதற்குப் புது வேகம் கிடைத்தது 2022இல். அந்த ஆண்டு ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், சாப்பாட்டுச் சாமான்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 செப்டெம்பரில், பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டதாகச் செய்தி வந்தது. அதாவது சராசரி விலை இறங்கிவிட்டது. சராசரியைக் கறி வைக்க முடியாது என்பதால் வீடுகளில் பெரிய கொண்டாட்டம் இருக்கவில்லை.

இந்தக் கலைக்கு ஒரு கோட்பாடும் உண்டு. 1830களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வேபர் என்ற பேராசிரியர் ஆட்களின் கையில் பாரங்களைக் கொடுத்து, எவ்வளவு மாற்றினால் அவர்களுக்குத் தெரிகிறது என்று பார்த்தார். பாரம் கூடினால், வித்தியாசம் தெரிவதற்கு மாற்றும் அளவும் அதே விகிதத்தில் கூட வேண்டும் என்று கண்டார். நூறு கிராமில் ஐந்து கிராம் போனால் கை கண்டுபிடிக்கக்கூடும். ஒரு கிலோவில் அதே ஐந்து கிராம் போனால் கண்டுபிடிக்காது. பிரித்தானியாவில் 2000களில் பாண் சுடுகிறவர்கள் உப்பை இப்படித்தான் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பத்து ஆண்டில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உப்பு போயிற்று. சாப்பிட்டவர்கள் சத்தம் போடவில்லை. இலங்கையில் இந்தக் கோட்பாட்டைப் பாணின் உப்பில் பரிசோதிக்காமல் பாணிலேயே பரிசோதித்தவர்கள் உண்டு. அதனால்தான் 2024 பெப்ரவரியில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் இருக்க வேண்டும் என்று வர்த்தமானி போட வேண்டி வந்தது. சனம் இன்னும் கடையில் ஒரு இறாத்தல் பாண் என்றுதான் கேட்கிறது. இறாத்தல் 453.6 கிராம். அந்த 3.6 கிராம் சட்டப்படியே போய்விட்டது.

வீட்டில் முதற்படி மீன். அறக்குளாவில் இருந்து பாரைக்கு, பாரையில் இருந்து சூரைக்கு, சூரையில் இருந்து சாளைக்கு, சாளையில் இருந்து நெத்தலிக்கு என்று இறங்குவது வழக்கமான பாதை. ஒவ்வொரு படியிலும் ஒரு மாதமாவது தங்க வேண்டும். அவசரப்பட்டு அறக்குளாவில் இருந்து நேரே நெத்தலிக்குக் குதித்தவர்கள் அன்று மத்தியானமே பிடிபட்டிருக்கிறார்கள். நெத்தலிக்குக் கீழே படி கிடையாது. அதற்குப் பிறகு சமயம்தான். வெள்ளிக்கிழமை மரக்கறி என்ற பழைய வழக்கத்தோடு முதலில் செவ்வாய் சேரும். பிறகு புரட்டாதிச் சனி, பிறகு கந்தசஷ்டி. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளில் தவக்காலம் கைகொடுக்கும். காசு இல்லை என்று மீனை நிறுத்தினால் பிள்ளைகள் முகத்தை நீட்டுவார்கள். விரதம் என்று நிறுத்தினால் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்காருவார்கள். செலவும் குறைந்து புண்ணியமும் சேரும் இடம் வீட்டுப் பொருளாதாரத்தில் இது ஒன்றுதான். ஆனால் மரக்கறிக்காரரின் கடையிலும் நாட்காட்டி தொங்குகிறது.

இரண்டாவது மின்சாரம். கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. பிறகு இறங்கி, ஏறி, இறங்கி, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து, ஜூனில் 15 சதவீதம் கூடியது. வீடுகளுக்கு இதில் முக்கியம் சதவீதம் அல்ல, அறுபது. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு கட்டணம். தாண்டினால் முதலாவது அலகில் இருந்தே வேறு கட்டணம். அதற்கு மேலே 90, 120, 180 என்று இன்னும் வாசல்கள். ஆகவே மாதக் கடைசியில் வீட்டில் ஃபான் நிற்கும், பிள்ளைகள் ஒரே அறையில் படிப்பார்கள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து யோசித்துக்கொண்டு நிற்பது குற்றமாகும். தீர்மானிப்பவர் நாளுக்கு ஒரு தடவை கீழ்த்தளத்துக்குப் போய் மானியை வாசித்துவிட்டு வருவார். லிப்டில் இறங்கி லிப்டில் ஏறுவார். லிப்ட் பொதுக் கணக்கு. மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தில் வருவது. அந்தக் கட்டணத்தைச் சிறுகச் சிறுகக் குறைக்கும் முறையை ஒரு தொடர்மாடியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்றாவது தேங்காய். இலங்கையில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு தேங்காய்க்கு மேல் செலவாகிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு ஒன்று போதாது. இந்த விடயத்தில் அரசு காட்டிய அக்கறையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2020 செப்டெம்பரில் தேங்காய்க்குச் சுற்றளவுப்படி உச்ச விலை வந்தது: 13 அங்குலத்துக்கு மேல் 70 ரூபாய், 12க்கும் 13க்கும் இடையில் 65, அதற்குக் குறைந்தால் 60. சந்தைக்குப் போகிறவர்கள் தையற்காரரின் நாடாவையும் கொண்டுபோக வேண்டிய நிலை. அதே மாதம் தென்னைக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சர் அருந்திக பெர்னாண்டோ தங்கொட்டுவையில் ஒரு தென்னை மரத்தில் ஏறி, மேலே இருந்தபடி ஊடகங்களுக்குத் தட்டுப்பாட்டை விளக்கினார். 2024 முடிவிலும் 2025 தொடக்கத்திலும் கொழும்பில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது பழி குரங்குகளிலும் விழுந்தது. 2025 மார்ச் 15 காலை 8 மணி முதல் 8.05 வரை நாடு முழுவதும் சனம் தத்தம் வளவில் நின்று குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணும்படி கேட்கப்பட்டது. வெள்ளவத்தைப் பல்கனிகளில் எண்ணக் காகம் மட்டும் இருந்தது. படிவத்தில் காகத்தைக் கேட்கவில்லை.

நாடாவும் ஏணியும் கணக்கெடுப்பும் பலிக்காத இடத்தில் பொறுப்பு குசினிக்கு வருகிறது. ஒரு தேங்காயில் மரபுப்படி மூன்று பால்: முதற்பால், இரண்டாம் பால், கப்பிப்பால். கப்பிப்பாலில் கறி அவியும். முதற்பால் இறக்கும்போது சேரும். சிக்கனத்தின் முதல் நிலையில் இந்த மூன்றும் அப்படியே இருக்க, தேங்காய் மட்டும் சிறிதாகும். இரண்டாம் நிலையில் பாதித் தேங்காய். கண்ணுள்ள பாதி கெதியில் பழுதாகும் என்பதால் அதை முதலில் துருவி, மற்றப் பாதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள். தேங்காயில் மிச்சம் பிடித்தது இப்படி மின்சாரக் கணக்குக்கு மாறும்.

மூன்றாம் நிலையில் அதே பூவில் இன்னொரு தரம் சுடுதண்ணீர் விட்டுப் பிழிந்து நாலாம் பால் எடுக்கப்படும். இதற்கு இன்னும் பெயர் இல்லை. பெயர் வைக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இருப்பதில்லை. நாலாம் நிலையில் மஞ்சளைக் கொஞ்சம் கூட்டி, மெல்லிய பாலைத் தடித்ததாகக் காட்டுவார்கள். மஞ்சள் இறக்குமதிக்குத் தடை வந்த காலத்தில் இந்தக் கதவும் சாத்தப்பட்டது. ஐந்தாம் நிலையில் பிழிந்த சக்கையில் சம்பல். செத்தல் மிளகாயையும் தேசிப்புளியையும் தாராளமாகப் போட்டால், கண்ணில் தண்ணீர் வந்தவர்களுக்குத் தேங்காயைப் பற்றி விசாரிக்க நேரம் இருக்காது. ஆறாம் நிலை பைக்கற்றில் வரும் தேங்காய்ப்பால் மா. இதைச் சேரும் வீடு திரும்பி வருவது அரிது, ஏனென்றால் திருவலை அலுமாரிக்கு மேலே போய்விடும்.

ஒரு நிலையில் இருந்து அடுத்ததற்குப் போகும்போது வீட்டாருக்கு அறிவிக்கக் கூடாது என்பது விதி. சென்ற கிழமை வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் ஆறாம் நிலை இப்படித்தான் அறிவிப்பில்லாமல் வந்து சேர்ந்தது. இரவு இடியப்பம். பக்கத்தில் சொதி. இரண்டு கரண்டி மா போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டிருந்தது. கிண்ணத்தின் அடியில் வரைந்திருந்த நீலப்பூ, சொதிக்கு ஊடாக இதழ் இதழாகத் தெரிந்தது. வெந்தயத்துக்குப் பக்கத்தில் கரையாத மாக்கட்டி ஒன்று மிதந்தது. இதை எழுதுபவர் பூவைப் பற்றி விசாரித்தார். அது கிண்ணம் வாங்கின நாளில் இருந்தே அங்கேதான் இருக்கிறது என்று குசினியில் இருந்து பதில் வந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று மாதத் தொடக்கத்தில் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்து பேசியவர் யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. தீர்மானித்தவர் சொதியைப் பற்றி முறைப்பாடு செய்வதற்கு இந்தக் கலையில் இடமில்லை என்பது அன்றிரவு தெளிவாக்கப்பட்டது. ஆனாலும் அது சொதி இல்லை. சுடுதண்ணீரில் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் குளித்துவிட்டுப் போயிருந்தன, அவ்வளவுதான்.

இந்தப் படிகள் ஒன்றும் கோவில் தேங்காயைத் தொடுவதில்லை. ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் வரும்போது வழியில் தேங்காய் உடைப்பார்கள். நாலாம் பால் பிழியும் வீட்டாரும் அதற்குக் காதருகில் ஆட்டிப் பார்த்து, நகத்தால் தட்டிப் பார்த்து, கடையில் இருப்பதிலேயே பெரியதை எடுப்பார்கள். முருகனுக்கு 12 அங்குலத் தேங்காய் உடைப்பது முருகனுக்குப் பெரிதாகத் தெரியாவிட்டாலும் பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். கொப்பியில் இது சாப்பாட்டுச் செலவின் கீழ் வராது. அதனால் இது செலவே இல்லை.

நாலாவது, மலிவான இடம் தேடி வாங்குதல். கொட்டாஞ்சேனைச் சந்தையில் தேங்காய் பத்து ரூபாய் குறைவு என்று கேள்விப்பட்டு வெள்ளவத்தையில் இருந்து 155ஆம் இலக்க பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய்க்குப் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு. அங்கே விலை உண்மையிலேயே குறைவு. குறைவு என்பதால் இரண்டு கிலோ வாங்கப் போனவர் ஐந்து கிலோ வாங்குவார். ஐந்து கிலோவையும் மிச்சச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்க முடியாது என்பதால் ஓட்டோ பிடிப்பார். வெங்காயத்தில் பாதி முளைத்துவிடும். ஓட்டோக் காசு போக்குவரத்தின் கீழ் போகும்; வெங்காயம் இலாபம் என்று எழுதப்படும்.

எரிவாயுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாய். 2022 ஏப்ரல் கடைசியில் 4,860. அந்த மாதங்களில் காசு இருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டர்களைக் கயிற்றால் தொடுத்து வீதியில் வரிசை வைத்தார்கள். அன்றிலிருந்து வீடுகளில் சிலிண்டரைச் சற்றுத் தூக்கிப் பார்த்து, இன்னும் எத்தனை நாள் என்று சொல்லும் பழக்கம் வந்தது. வேபர் இருந்திருந்தால் இந்தக் கைகளைப் பார்க்க விரும்பியிருப்பார். கை சொல்லும் நாள் எப்போதும் பிழைக்கும். பிழைப்பது விருந்தினர் வரும் அன்று.

கடைசியாக, மிச்சம் பிடித்த காசு போகும் இடம். வருடத்தில் ஒரு பங்கு கலியாண வீட்டுக் கடித உறைக்குள் போகும். உறைக்குள் வைக்கும் தொகையைச் சிறுகச் சிறுகக் குறைக்க முடியாது, ஏனென்றால் வாங்குகிற வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கிறது. மற்றப் பங்கு ஜூலை, ஓகஸ்டுக்கு. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் உறவினர் வருவார்கள். அவர்களுக்கு அறக்குளா, அவர்களுக்கு முதற்பால், திருவலை அலுமாரிக்கு மேலிருந்து இறங்கும், எல்லா அறையிலும் ஃபான் சுழலும். சாப்பிட்டு முடித்து, இங்கே எல்லாம் மலிவுதானே என்று டொலரில் பிரித்துப் பார்த்துச் சொல்வார்கள். போகும்போது சொக்லேட் பை ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டார் இதற்குள் பழைய ருசியைக் கண்டுவிடுவதால், செப்டெம்பரில் மேலே இருந்து, அதாவது அறக்குளாவில் இருந்து, திரும்பவும் இறங்க வேண்டியிருக்கும். ஐந்து மாதத்தில் இறங்கிய படிகளை ஒரு மத்தியானச் சாப்பாடு ஏறிவிடும். ஆகவே மிச்சம் பிடிக்கத் தொடங்குகிறவர்கள், அந்த வருடம் யார் யார் வருகிறார்கள், எத்தனை நாள் நிற்கிறார்கள் என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.